அப்ரூவல் பிள்ளையார்

வாங்க சார், வாங்க. செருப்ப அந்தப் பக்கம் விடுங்க. அங்க இல்ல சார், அது சாக்கடை மூடி. ஒரு செருப்பு உள்ள போச்சுன்னா இன்னொண்ண மட்டும் மாட்டிக்கிட்டு வீடு போய்ச் சேரணும். ம், அங்கதான்.

போனப் பாத்துக்கிட்டே வந்தீங்களாக்கும்? 'இடப்பக்கம் திரும்பவும், நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்'னு ஒரு பொம்பளக் குரல் சொல்லியிருக்குமே? அந்தம்மா பேச்சக் கேட்டுத்தான் எல்லாரும் வாராய்ங்க. முந்தாநாள் ஒருத்தரு வேன் பிடிச்சுக் குடும்பத்தோட வந்து எறங்குறாரு. எறங்கி, மேலயும் கீழயும் பாக்குறாரு. 'கோபுரம் எங்கங்க?'ங்கிறாரு. கோபுரமா? யோவ், இது என் காலி மனையோட காம்பவுண்டு சுவருய்யா. அதுல மூணு டைல்ஸ் ஒட்டியிருக்கு. அம்புட்டுத்தான் கோயில்.

உங்க கையில இருக்குற குழாயில என்ன, வீட்டு பிளானுதானே? நெனச்சேன். குழாயப் பாத்தாலே தெரிஞ்சிரும். எதுத்த வீட்டுப் பஞ்சவர்ணம் பூ கொண்டாந்தாத்தான் சூடம் ஏத்த முடியும், அதுவரைக்கும் அந்தக் கல்லுல உக்காருங்க. பூசாரி எங்கன்னு கேக்காதீங்க, அந்த வெக்கக்கேட்டையும் சொல்லத்தான் போறேன்.

எம் பேரு சோணைமுத்து. பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன். டிரைவரும் கண்டக்டரும் லேட்டா வந்துட்டு எம்புட்டுக் கதை விடுவாய்ங்க தெரியுமா? ஒருத்தன் பொய் சொன்னா மூஞ்சியப் பாத்தே பிடிச்சிருவேன். எனக்கும் பொய்க்கும் ஆகாது சார். அத முதல்லயே சொல்லிப்புடுறேன்.

இந்த மனை எம் மகளுக்குன்னு வாங்கிப் போட்டது. மீனலோசனின்னு பேரு. ஒத்தப் பிள்ளை. கல்யாணத்துல சம்பந்தி வீட்டுக்காரங்க அம்புட்டுப் பேரும் கூடியிருக்குற சபையில சொன்னேன், 'எங்க வீட்டுக்குப் பக்கத்து மனை பிள்ளைக்குத்தான், வீடும் கட்டிக் குடுத்துருவேன்'னு. எல்லாரும் கை தட்டுனாங்க. எம் பொண்ணு அழுதுருச்சு. இப்ப வரைக்கும் அது வாடகை வீட்டுல மாடிக்கும் கீழுக்கும் குடம் தூக்கிக்கிட்டுக் கெடக்கு. வீட்டுக்காரம்மா மோட்டாரப் போட மனசு வந்தாத் தண்ணி, இல்லைன்னா இல்ல. வாரத்துக்கு ஒருக்கா போன் அடிச்சு, 'அப்பா, எப்பப்பா அஸ்திவாரம் போடப் போற?'ன்னு கேக்கும். 'இந்தா, தையில'ம்பேன். தை போனா வைகாசிம்பேன். பிள்ளை கொஞ்சம் அவசரக்காரி.

இடம் முக்குல இருக்கா, அந்தா அந்தத் திருப்பத்துல ஒயின் ஷாப்பு இருக்கா, குடிச்சுட்டு வாரவன் அம்புட்டுப் பேருக்கும் இந்தச் சுவரப் பாத்தாத்தான் ஒண்ணுக்கு வரும். 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்'னு எழுதிப் பாத்தேன். அந்த எழுத்துக்கே குறி பாத்து அடிக்கிறாய்ங்க. நாத்தம் தாங்கல. எங்க வீட்டு ஜன்னலத் தெறந்து ரெண்டு வருசம் ஆச்சு. அப்பறம்தான் டைல்ஸ் கடையில போய் ஒரு பிள்ளையாரு, ஒரு மாதா, ஒரு மெக்கா, மூணையும் வாங்கியாந்து ஒட்டுனேன். எந்த மதத்துக்காரனும் தப்பிச்சிரக் கூடாதுல்ல? ஒட்டுன அன்னிக்கே சுவரு காய்ஞ்சிருச்சு. மாநகராட்சியால முடியாதத மூணு டைல்ஸ் செஞ்சிருச்சு சார்.

அதுக்கப்பறம் இந்தப் பஞ்சவர்ணம். அந்தா தெரியுதே இட்லிக் கடை, அதான் அவ வீடும். புருசன் இல்ல, ஒரு மகன், டிரைவர் வேலைக்குப் போறான். காலையில கடை தெறக்குறதுக்கு முன்னால இந்தச் சுவத்துல ஒரு சூடம் காட்டிட்டுப் போவா. பூ வைப்பா, கோலம் போடுவா. நான் ஒண்ணும் சொல்லல. சம்பளம் இல்லாம ஒரு வாட்ச்மேன் கெடச்சா யாரு வேண்டாம்பா?

இப்படி நல்லாப் போய்க்கிட்டு இருக்கும்போதுதான் மாஸ்டர் பிளான்னு ஒண்ண ஆரம்பிச்சாய்ங்க. முதல்ல டிரோனு வந்துச்சு. எம் வீட்டுக்காரி மொட்டமாடியில வத்தல் போட்டுக்கிட்டு இருந்தவ, தன்னையத்தான் படம் பிடிக்குதுன்னு சேலையை இழுத்து விட்டுக்கிட்டு நின்னா. வத்தலத்தான் எடுத்துட்டுப் போச்சோ என்னமோ. அப்பறம் ஒரு பிள்ளை வந்துச்சு, ரோஸ்லின்னு பேரு, கழுத்துல அட்டை, கையில பலகையாட்டம் ஒரு பெரிய போனு. வீடு வீடா வந்து, இது குடியிருப்பா, கடையா, பள்ளிக்கூடமான்னு கேட்டு அதுல ஒவ்வொரு புள்ளியா வச்சுக்கிட்டே போகுது. 'எதுக்கும்மா?'ன்னேன். 'இதை வச்சுத்தான் சார் இன்னும் இருபது வருசத்துக்கு எங்க வீடு வரணும், எங்க கடை வரணும், எங்க ரோடு வரணும்னு முடிவு பண்ணுவாங்க'ன்னுச்சு.

எனக்கு ஒரே சந்தோசம். நல்ல காரியம்ல? கூடவே நடந்து போய்ச் சொல்லிக் குடுத்தேன். 'இந்தா, நாலாவது வீட்டுக்காரன் படிக்கட்டு ரோட்டுல நிக்குது பாரு, குறிச்சுக்கம்மா. இந்தா, இவரு கார் ஷெட்டு மாநகராட்சி எடம், விட்டுறாத'ன்னு. அது திரும்பி, 'உங்க படிக்கட்டும் வெளியதான் சார் இருக்கு'ங்குது. 'அது படிக்கட்டு இல்லம்மா, சும்மா ஏறி எறங்குறதுக்கு'ன்னேன். விவரம் தெரியாத பிள்ளை.

இந்த முக்குக்கு வந்தோம். அந்தப் பலகையில பாத்தா, எம் மனை மேல ரெண்டு கோடு ஓடுது. 'இதென்னம்மா?' 'அறுபதடி ரோடு சார். பைபாஸோட சேக்குறதுக்கு உத்தேசம். உங்க மனையில முக்காவாசி போயிரும்.' சபையில சொன்ன சொல்லு சார். பிள்ளை மொகம் கண்ணு முன்னால வந்து நிக்குது.

அந்த நேரம் பாத்து அந்தப் பிள்ளை சுவத்தப் பாக்குது. பஞ்சவர்ணம் காலையில போட்ட மாலை தொங்குது, சூடம் கருப்பா அப்பியிருக்கு, கீழ கோலம். 'இது என்ன சார், கோயிலா?'ன்னுச்சு.

'பின்ன?'ன்னேன்.

அம்புட்டுத்தான் சொன்னேன் சார். நான் கோயில்னு சொன்னேனா? 'பின்ன?'ங்கிறது பொய்யா? அது ஒரு கேள்விதானே? 'ரொம்பப் பழசா?'ன்னுச்சு. 'யாரு கண்டா?'ன்னேன். அதுவும் நெசந்தான், யாரு கண்டா? 'கோயிலோட பேரு?' 'எல்லையில இருக்காரும்மா'ன்னேன். எம் மனையோட எல்லைச் சுவருல்ல இது? அது பாட்டுக்கு 'எல்லைப் பிள்ளையார் கோயில்'னு அடிச்சுக்கிச்சு. எந்த மதம்னு ஒரு கேள்வியாம். மூணு டைல்ஸையும் மாறி மாறிப் பாக்குது. ஒண்ணுதான் அமுக்க முடியுமாம். 'இதர'ன்னு அமுக்கிட்டு மோர் குடிச்சிட்டுப் போயிருச்சு.

கொஞ்ச மாசம் கழிச்சு வரைபடத்த வார்டு ஆபீசுல ஒட்டுனாய்ங்க. ஊரே கூடி அவனவன் வீட்டத் தேடுறான். மஞ்சக் கலர்னா வீடு, நீலம்னா கடை. எம் மனை பளபளன்னு செவப்பு, 'பொதுப் பயன்பாடு'. அந்த ரோடு இருக்கே, நேரா வந்து, பள்ளத்தப் பாத்த பஸ்ஸாட்டம் இந்த எடத்துல மட்டும் ஒரு ஒடிப்பு ஒடிச்சுத் திரும்பிப் போகுது. திரும்பிப் போய் எதுத்தாப்புல பஞ்சவர்ணம் கடை மேல ஏறிருச்சு. அவ கடைச் சுவத்துல செவப்புப் பெயிண்டுல கோடு போட்டுட்டுப் போயிட்டாய்ங்க. பாவம், என்ன செய்ய? ரோடுன்னா எங்கயாவது போய்த்தானே ஆகணும்? ஆனா நான் மனசாட்சி உள்ளவன் சார். அன்னிக்குத் தெருவுக்கே வடை வாங்கிக் குடுத்தேன், அவ கடையிலயேதான் வாங்குனேன்.

அப்பறம் தெம்பா மகள் பேருல வீட்டு பிளான் போட்டு ஆபீசுல குடுத்தேன். திரும்பி வந்துருச்சு. 'வழிபாட்டுத் தலம். குடியிருப்புக்கு அனுமதி இல்லை.' என்னடா இது வம்பாப் போச்சுன்னு போன் அடிச்சா, ஒரு மேடம் பேசுறாங்க. 'சார், உங்க மனை தப்பான லேயர்ல இருக்கு. லேயர மாத்துனாத்தான் ஆகும்'னாங்க.

அந்நேரம் எனக்கு ஒரு லாயர் இருந்தாரு. பழைய பாகப்பிரிவினை கேசு பாத்தவரு. ஆபீசுலயே இவர மாத்தச் சொல்றாங்கன்னா என்னமோ இருக்குன்னு, அவர்கிட்டப் போய்ச் சண்டை போட்டுக் கேசுக் கட்ட வாங்கிட்டு வந்துட்டேன். முப்பது வருசப் பழக்கம் சார், இன்னிக்கு வரைக்கும் மனுசன் எம் மூஞ்சியில முழிக்கிறதில்ல. ஹைகோர்ட்டுக்குப் போறவரு ஒருத்தரப் பிடிச்சேன். மேடத்துக்குப் போன் போட்டு, 'மேடம், லாயர மாத்திட்டேன்'னேன். 'நீங்களே எப்படி சார் மாத்துனீங்க? சிஸ்டத்துல அப்படியேதான இருக்கு?'ங்குறாங்க. 'சிஸ்டத்துல புதுப் பேர ஏத்துங்க மேடம், இவரு ஹைகோர்ட்டு'ன்னேன். அந்தம்மா 'நேர்ல வாங்க சார்'னு வச்சுட்டாங்க.

சிரிக்காதீங்க. நீங்களா இருந்தா மட்டும்?

நேர்ல போனேன். கம்ப்யூட்டர்ல காட்டுனாங்க. கண்ணாடித் தாள ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குன மாதிரி இருக்கு. வீடெல்லாம் ஒரு தாளு, கண்மாய் கால்வாயெல்லாம் ஒரு தாளு, கோயில் ஒரு தாளு, ரோடு ஒரு தாளு. அதுதான் லேயராம். இத முதல்லயே தமிழ்ல சொல்லியிருந்தா ஒரு நல்ல வக்கீலு எனக்கு மிச்சமாயிருப்பாரு. மேடம் ஒரு தட்டு தட்டுனாங்க, எல்லைப் பிள்ளையாரு காணாமப் போயிட்டாரு. போனதுதான் தாமசம், ஒடிஞ்சு கெடந்த ரோடு டக்குனு நிமிந்து எம் மனைய நடுவால பொளந்துக்கிட்டுப் போகுது. இன்னொரு தட்டு தட்டுனாங்க, பிள்ளையாரு வந்துட்டாரு, ரோடு பழையபடி வளைஞ்சுக்கிச்சு.

'கோயில்னா வீடு கட்ட முடியாது சார். கோயில் இல்லைன்னா ரோடு வரும். எது நெசமோ அதச் சொல்லுங்க'ன்னாங்க. 'மூணாவதா ஒரு லேயரு இல்லையா மேடம்?'னேன். 'நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்றேன்'னு எழுந்துட்டாங்க.

ராத்திரி பூராம் யோசிச்சேன். கோயில்னா நிரந்தரமா வீடு இல்ல. கோயில் இல்லைன்னு சொல்லிட்டா, ரோட்டுக்கு எதிரா நம்ம புது வக்கீல வச்சு ஸ்டே வாங்கிப் பாக்கலாம். ஆக, உண்மையைச் சொல்லிர்றதுன்னு முடிவு பண்ணேன். நமக்குத்தான் பொய்யே ஆகாதே.

மேடம் வந்தாங்க. தெருவே நிக்குது. பரமகுருன்னு ஒரு கட்டட இன்ஜினியரு, ஏதோ அபார்ட்மெண்டு பைலத் தூக்கிக்கிட்டு மேடம் பின்னாலயே அலையுறவரு, அவரும் வந்து நிக்குறாரு. நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு, 'மேடம், இது கோயில் இல்ல. கண்டவனும் ஒண்ணுக்கு அடிக்கிறான்னு நான் ஒட்டுன டைல்ஸ்'னேன். தெருவே கொந்தளிச்சிருச்சு. சாமிய இப்படியா சொல்றதுன்னு ஆளாளுக்குக் கத்துறாய்ங்க.

மேடம் பஞ்சவர்ணத்தப் பாத்தாங்க. நான் கண்ணக் காட்டுனேன் அவளுக்கு. கோயில் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா அவ கடை தப்பிச்சுரும்ல? அவளுக்கும் லாபம், எனக்கும் லாபம். மேடமே எடுத்துச் சொன்னாங்க, 'அம்மா, இது கோயில் இல்லைன்னா ரோடு இந்தப் பக்கம் வந்துரும். உங்க கடைக்கு ஒண்ணும் ஆகாது. தெரியும்ல?'

'தெரியும் தாயி'ன்னா. 'எம் மகன் ஆக்சிடண்டு ஆகி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் இங்கதான் வந்து நின்னேன். வேற எங்கயும் போக எனக்குக் கால் வரல. அண்ணன் ஒட்டுனது டைல்ஸா இருக்கலாம். நான் கும்பிட்டது டைல்ஸ் இல்ல. இது கோயில்தான், எழுதிக்கங்க.'

எப்படி இருக்கும் எனக்கு? கடையே போகுது, அப்பவும் வீம்பு பாருங்க! எம் மேல உள்ள காந்தல்ல சொன்னாளா, நெசமாத்தான் சொன்னாளான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. டிரைவர் கண்டக்டர் மூஞ்சியெல்லாம் படிச்சவன் நான், அவ மூஞ்சியில ஒண்ணும் பிடிபடல. மேடம் எழுதிக்கிட்டாங்க. 'கோயிலுக்குப் பொறுப்பு யாரு?'ன்னாங்க. இவ என்னையக் கை காட்டுறா. நானும் ஆமான்னுட்டேன். வேற என்ன செய்ய? எம் எடத்துல வேற எவனாவது வந்து தட்டேந்துறதா?

அதோட முடிஞ்சுதான்னா, இல்ல. அந்தக் கூச்சல்லயே பரமகுரு இருக்காரே, பைல மேடத்துக்கிட்ட நீட்டி இந்தச் சுவத்து மேலயே வச்சுக் கையெழுத்து வாங்கிட்டாரு. எட்டு மாசம் இழுத்த பைலு. மறுநாள் ஆளுயர மாலையோட வந்து நிக்குறாரு, 'எல்லாம் இந்தப் பிள்ளையார் மகிமை'ன்னு. வந்துச்சு பாருங்க வெனை. இன்ஜினியரு, காண்ட்ராக்டரு, லோன் வாங்குனவன், லோன் கெடைக்காதவன், அம்புட்டுப் பேரும் பிளானச் சுருட்டிக்கிட்டு வாராய்ங்க. எல்லைப் பிள்ளையாரு அப்ரூவல் பிள்ளையார் ஆயிட்டாரு. போன்ல அஞ்சுக்கு நாலரை ஸ்டாரு குடுத்திருக்காய்ங்க. ஒருத்தன் மட்டும் 'பார்க்கிங் வசதி இல்லை'ன்னு கொறைச்சு எழுதியிருக்கான்.

ஊருல உள்ளவன் வீட்டுக்கெல்லாம் அப்ரூவல் குடுக்குறாரு. குந்தியிருக்குறது யாரு மனையில? அந்த மனைக்கு அப்ரூவல் கெடையாது. இந்த அநியாயத்த எங்க போய்ச் சொல்ல?

எம் மக? போன் வாரது நின்னு போச்சு. அவங்க அம்மாகூடப் பேசும். நான் வாங்கிப் பேசுனா 'ம்'ங்கும், 'சரி'ங்கும், வச்சுரும். 'நான் என்ன பண்ணேன், ரோஸ்லின் பண்ண வேலை, பஞ்சவர்ணம் பண்ண வேலை'ன்னு எடுத்துச் சொல்லித்தான் பாத்தேன். 'நீங்க ஒண்ணும் பண்ணலப்பா, எப்பவுமே ஒண்ணும் பண்ணல'ன்னுச்சு. கோவக்காரப் பிள்ளை.

போன வெள்ளிக்கிழமை இங்க சரியான கூட்டம். வரிசை ஒயின் ஷாப்பு வரைக்கும் நிக்குது. நான் குனிஞ்ச தலை நிமிரல. ஒவ்வொரு பிளானா வாங்கித் தட்டுல வைக்குறது, மஞ்சத் தடவுறது, 'பேரு, நட்சத்திரம்?'னு கேக்குறது, அடுத்த ஆளு. இப்படியே போய்க்கிட்டு இருக்கு. ஒரு பிளான் வந்துச்சு. வச்சேன். 'பேரு, நட்சத்திரம்?'னேன்.

'மீனலோசனி. உத்திரட்டாதி.'

நிமிந்து பாத்தா எம் பிள்ளை. பக்கத்துல மருமகப்பிள்ளை, தரையப் பாத்துக்கிட்டு. ஊருக்கு அந்தக் கடைசியில, ரெண்டு பஸ் மாறிப் போகணும், அங்க லோன் போட்டு ஒரு சின்ன மனை வாங்கியிருக்காங்களாம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. உத்திரட்டாதின்னு எங்கிட்டயே சொல்லுது சார். அது பொறந்தப்ப டியூட்டியில இருந்து ஓடிப் போய், ஆஸ்பத்திரி கடிகாரம் தப்பா ஓடுதுன்னு எம் வாட்சப் பாத்து நேரங் குறிச்சுச் சோசியருக்குக் குடுத்தவன் நான். அதோட நட்சத்திரத்த நான் அதுகிட்டக் கேட்டிருக்கேன், அது எனக்குச் சொல்லுது.

வாய் பாட்டுக்கு அர்ச்சனையச் சொல்லுச்சு. திருநீறு குடுத்தேன். கை நீட்டி வாங்குச்சு. நெத்தியில பூசிக்கிட்டு, 'சீக்கிரம் அப்ரூவல் வரணும்னு வேண்டிக்கங்க சாமி'ன்னுச்சு.

சாமின்னுச்சு சார். என்னைய.

பின்னாடி வரிசையில நிக்குறவன், 'பூசாரி, சீக்கிரம் விடுங்க, ஆபீசு அடைச்சுருவாங்க'ன்னு கத்துறான். பிளானத் திருப்பிக் குடுத்தேன். போயிருச்சு. திங்கக்கிழமை அவங்க அம்மாவுக்குப் போன் வந்துச்சு, அப்ரூவல் ஆயிருச்சாம். உடனே குடுத்துட்டாரு பாருங்க, அதுக்கு மட்டும். நான் எம் பிள்ளை இங்க வந்துரணும்னு இத்தனை மாசமாத் தட்டேந்திக்கிட்டு நிக்குறேன், என்னைய ஒருநா திரும்பிப் பாத்தாரா?

அந்தா, பஞ்சவர்ணம் பூ கொண்டாந்துட்டா. வா தாயி, மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்ல, இவரு பைலு இன்னும் ஒரு வருசம் கெடந்தாலும் தாங்கும்! சும்மா சொன்னேன் சார், கோவிச்சுக்காதீங்க. எந்திரிங்க. பிளான இந்தத் தட்டுல வைங்க. சுருட்டுனபடியே வைக்காதீங்க, விரிச்சு வைங்க, அவரு பாக்கணும்ல?

என்ன கேக்குறீங்க? இம்புட்டுக் கதையும் கேட்டப்பறம் இது நெசமாவே கோயில்தானான்னா?

பின்ன?

பேரு, நட்சத்திரம் சொல்லுங்க.